மஞ்சள்வால் ஓடிய ஐந்து சுற்று

மெல்லிய தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, சாம்பல் சாயத்தில் தொட்டு, படத்தின் வானத்தில் இருந்த வெள்ளைத் தூசிப் புள்ளிகளை அந்தக் கைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. விமானத்தின் மூக்குக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. கை அங்கே வந்து நின்றது. பிறகு விலகிப் போனது.

“அதைக் கத்தி முனையால சுரண்டிடேன்,” என்றேன். “ஃபிலிம்ல கீறல் விழுந்திருக்குன்னு ஓரின் நினைக்கப் போறான்.”

“கீறல் இல்ல. எண்ணெய்.”

அந்தக் கைகள் நெல்டா உருதியாவுடையவை. அமெரிக்காவின் ரீனோ நகரில் எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரி. நான் அவளோடு அலைந்த செய்தியாளன். எழுபத்தெட்டாம் வருடம் செப்டம்பர், புதன்கிழமை காலை. பன்னிரண்டு மணிக்கு லாரி கிளம்பிவிடும்.

லாரியில் ஏறப் போவது மஞ்சள்வால். போர்க்காலத்து விமானம், ஆஸ்திரேலியாக்காரர் ஒருவருக்கு விற்றாகிவிட்டது. பதினோரு வருடம் அதன் என்ஜினைப் பார்த்துக்கொண்டவன் ஓரின் லிண்ட்க்விஸ்ட். போன வாரம் விமானப் பந்தயத்தின்போது, வியாழக்கிழமை, மஞ்சள்வாலை நெல்டா எடுத்த படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

“எத்தனையாவது சுத்துல எங்க என்ஜின் நின்னுச்சு?”

“நிக்கலையே. ரெண்டாவதா வந்தீங்களே.”

“பின்ன விசிறித் தகடு நாலையும் எண்ண முடியுதே. கயித்துல கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி.”

“மணிக்கு நானூறு மைல்ல போகுது ஓரின். தெளிவா விழுந்ததே பெருசு.”

“தெளிவாத்தான் இருக்கு. பொணமும்தான் தெளிவா இருக்கும்.” படத்தைத் திருப்பிக் கொடுத்தான். “நான் கொட்டகை வாசல்ல நின்னு காதால கேட்டவன். கடைசிக் கம்பத்துல அது திரும்பறதைக் கிட்டத்துல பார்த்ததே இல்ல. ஞாயித்துக்கிழமையோட அதோட ஓட்டம் முடியுது. ஓடற மாதிரி ஒரு படம் குடு.”

வேகத்துக்குப் பயந்து நெல்டா கேமராவின் திறப்பு நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்திருந்தாள். விசிறி சுழல்வது தெரிய வேண்டுமானால் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். ஆனால் இடுப்பிலிருந்து விமானத்தோடு சேர்ந்தே திரும்ப வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் கலங்கிவிடும். வெள்ளியும் சனியும் காலை வேளைகளில் நெடுஞ்சாலை ஓரம் நின்று லாரிகளைக் குறிபார்த்துச் சுழன்றுகொண்டிருந்தாள். ஒரு ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, “உடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை, விமானங்கள் வளைந்து திரும்பும் கடைசிக் கம்பத்துக்குப் போனோம். அவள் அண்ணன் விடுதியில் கட்டிக் கொடுத்த பூண்டு மணக்கும் தொத்திறைச்சி ரொட்டி, காலடியில் நசுங்கிய செடிகளின் கசப்பு வாசனை. இப்போதெல்லாம் அந்த மைதானத்தில் பந்தயம் நடப்பதில்லை. எங்காவது பூண்டு வதங்கினால் எனக்கு இன்னும் அண்ணாந்து பார்க்கத் தோன்றுகிறது.

கம்பத்தின் நேர் கீழே நின்று, யார் உள்பக்கமாக வெட்டிப் போகிறார் என்று மேலே பார்க்கும் நடுவர் சிரித்தார். “நெல்டா, சுத்தற சுத்துல என் மேல விழுந்துடாதே. அப்புறம் உனக்கும் அபராதம்.”

எட்டுச் சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரே படம். முதல் சுற்று பத்திரிகைக்கு, பழைய வேகத்திலேயே. மீதி ஏழும் ஓரினுக்கு. மஞ்சள்வால் தலைக்கு மேல் வரும்போது சத்தம் நெஞ்செலும்பில் விழும். நான் குனிந்துவிடுவேன், அவள் குனியவில்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவது சுற்றில் அது வரவில்லை. தூரத்தில் மற்ற விமானங்களை விட்டு, இருந்த வேகத்திலேயே மேலே ஏறிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். விமானி பத்திரமாகத் தரையிறங்கினார். என்ஜின் போய்விட்டது. கேமராவில் மூன்று படம் மிச்சம் இருந்தது.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மூன்றுமே கலங்கல். ஐந்தாவது மட்டும் சரியாக விழுந்தது. அதில்தான் அந்தக் கோடு.

“இதைப் பார்த்தா ஓரினுக்கு வலிக்கும்,” என்றேன்.

“ஓடறதைப் பார்க்கணும்னு கேட்டான். முழுசாப் பார்க்கட்டும்.” தூரிகையைக் கழுவினாள்.

நாங்கள் கொட்டகைக்குப் போனபோது இறக்கைகளைக் கழற்றி லாரியில் கட்டியிருந்தார்கள். ஓரின் கையைத் துணியில் துடைத்து, பிறகு கால்சட்டையிலும் துடைத்து, படத்தின் ஓரத்தைப் பிடித்தான். மறு ஓரம் இன்னும் நெல்டாவின் கையில் இருந்தது. விசிறி இருந்த இடத்தில் வெளிச்ச வட்டம் ஒன்று. அவன் கட்டைவிரல் கறுப்புக் கோட்டுக்கு மேலே, தொடாமல் நின்றது.

“முன்பக்க ஆயில் சீல்,” என்றான் மெதுவாக. “இந்தச் சுத்துலேயே கசிய ஆரம்பிச்சிருக்கு.” பிறகு வட்டத்தைப் பார்த்தான். “ஆனா ஓடுது.”

அதன் பிறகே நெல்டா தன் பக்கத்து ஓரத்தை விட்டாள்.