பேஜர் ஆபீஸ் காய்ச்சல்கள்

ஊருக்கெல்லாம் சேதி சொல்லும் தொழிலில் இருந்தேன். நாளைக்கு என் ஆபீஸுக்கு யார் வருவார்கள் என்ற சேதி மட்டும் எனக்குக் கடைசி நிமிஷம் வரை தெரியாது.

பேஜர் என்று ஒரு வஸ்து இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அதை இடுப்பில் சொருகிக்கொண்டவன் பெரிய மனுஷன். அவனுக்குச் சேதி அனுப்ப வேண்டுமென்றால் எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். தி.நகரில் ஒரு நகைக்கடைக்கு மேலே மாடியில், காதில் ஹெட்போனோடு எட்டு ஆபரேட்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் தமிழில் எவ்வளவு நீட்டிச் சொன்னாலும் அதை இரண்டு வரி இங்கிலீஷாகச் சுருக்கித் தட்டி அனுப்புவார்கள். அந்த டப்பாவுக்குத் தமிழ் தெரியாது. நீளமும் தாங்காது.

நான் ஷிப்ட் சூப்பர்வைசர். எட்டு சீட்டும் நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று காலியானாலும் நான்தான் போய் உட்கார வேண்டும். டூட்டி சார்ட் என்ற ஒன்றை வாழ்க்கையில் ஒரு தடவையாவது போட்டவர்களே, உங்களுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். போதாக்குறைக்கு அந்த வருஷம் என் மனைவி சுமதி தலைப்பிரசவத்துக்கு ஆதம்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். "வலி வந்தா நீங்க பக்கத்துல இருக்கணும். ஆபீஸ், சீட்டுன்னு கதை சொல்லக் கூடாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். மானேஜர் ராமநாதனும் மனசு வைத்து, "பிரசவத்துக்குப் போய்யா, ஆனா அன்னிக்கு சீட்டு காலியா இருந்தா நீ இங்கதான்" என்று சொல்லிவிட்டார். அதனால் எவனாவது தும்மினால்கூட டூட்டி சார்ட்டை எடுத்துப் பார்ப்பேன்.

மேட்னிக் காமாலை

குமார் மந்தைவெளிப் பையன். வேகத்தில் அவனை அடிக்க ஆள் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவனுடைய அண்ணன் போன் செய்து, தம்பிக்கு மஞ்சள் காமாலை, கண்ணெல்லாம் எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கிறது என்றார். பதறிப்போனேன். கீழாநெல்லி அரைத்துக் கொடுங்கள், மோர் கொடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று எனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் சொல்லிவிட்டு, அவன் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

பதினொரு மணிவாக்கில் ஒரு அழைப்பு. பின்னால் ஒரே பஸ் ஹாரன். "ஒரு மெசேஜ் எழுதிக்கோங்க. மச்சி, டிக்கெட் கெடைச்சிடுச்சு, மேட்னி, பால்கனி, மவுண்ட் ரோடு வந்துடு." குரல் குமாருடையது. ஆனாலும் கம்பெனி விதிப்படி சேதியைத் திருப்பிப் படித்துக் காட்டினேன். படித்து முடித்து, "காமாலைக்கு பால்கனி ஒத்துக்குமா குமார்?" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் என்னைவிட அதிர்ச்சியடைந்த குரலில் கேட்டான்: "இன்னா சார், நீங்க போய் சீட்ல குந்திகினு கீறீங்க? ஆபரேட்டர் எவனும் வர்லியா?"

முன்பதிவு ஜுரம்

வைதேகி மயிலாப்பூர். பொய் சொல்லத் தெரியாத பெண். அது எவ்வளவு பெரிய தொல்லை என்று அவளோடு வேலை பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் மாலை என் கண்ணாடி அறைக்கு வந்து நின்றாள். "சார், நாளைக்கு மத்தியானத்துக்கு மேல எனக்கு ஜுரம்."

"நாளைக்கு வரப் போற ஜுரம் இன்னிக்கே எப்படிம்மா தெரியும்?"

"அப்பா வரச் சொல்லியிருக்கார் சார்."

"யாரை, ஜுரத்தையா?"

"பிள்ளையாத்துக்காராளை. என்னைப் பார்க்க வரா. பெண் பார்க்கறதுக்கெல்லாம் லீவு கிடையாது, உடம்பு சரியில்லேன்னாத்தான் உண்டுன்னு நீங்கதானே சொன்னேள்?"

சொன்னது நான்தான். இப்படிப் பச்சையாக என் முகத்துக்கு நேரே திருப்பித் தருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஜுரத்தை அனுமதித்தேன். அந்த வரன் குதிரவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் வந்து நின்றாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவை ஜுரம் பெசன்ட் நகர்லேர்ந்து வரது சார்."

சேவியருக்குத் தலைவலி

சேவியர் சாந்தோம்காரர். எங்களில் மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர். வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், காலையில் அவரிடமிருந்து என் பேஜருக்கு ஒரே சேதி வரும்: தலைவலி, வர முடியாது. காமாலையும் ஜுரமும் கண்டு நொந்துபோன எனக்கு இந்தத் தலைவலி பொறுக்கவில்லை. ஒரு நாள் எல்லார் முன்னாலும், "தலை இருக்கிறவன் எல்லாருக்கும்தான் சார் வலிக்குது. உங்க தலைவலியையும் நான் சம்பளமில்லாம சுமக்கறேன்" என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு சுமதியை ஸ்கேனுக்காக மயிலாப்பூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். அன்று எனக்கு வார விடுமுறை; அன்றும் சேவியருக்குத் தலைவலி. ஸ்கேன் அறைக்கு வழி தெரியாமல் தவறான வராந்தாவுக்குள் நுழைந்துவிட்டோம். அங்கே பெஞ்சில், இடது கையில் பெரிய கட்டோடு, முகம் சாம்பல் பூத்து ஒருவர் சாய்ந்திருந்தார். சேவியர். பக்கத்தில் அவர் மனைவி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே டயாலிசிஸ் என்று போட்டிருந்தது. சுமதி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சிறுநீரகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சேவியர்" என்றேன். அவர் மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெஜமான வியாதியைச் சொன்னா வேலையை விட்டு எடுத்துடுவீங்க சார். தலைவலின்னா திட்டறதோட விட்டுடுவீங்க."

மதர் ஹாஸ் கம்

லீவு போடுகிறவர் சூப்பர்வைசரின் பேஜருக்குச் சேதி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. நம் சரக்கை நாமே உபயோகிக்காவிட்டால் எப்படி என்பது மானேஜரின் வாதம். ஒரு காலை நான் என் அறையில் இருந்தபோதே இடுப்பில் பேஜர் சிலிர்த்தது. ‘மதர் ஹாஸ் கம். கான்ட் கம். லதா.’ லதா வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஊரிலிருந்து அம்மா வந்ததற்கெல்லாம் லீவா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. சுமதிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

லதா வீட்டில் போன் கிடையாது. ஹவுஸ் ஓனர் அம்மாள் வீட்டுக்கு அடித்தேன். "அம்மா வந்தா வரட்டும்மா, அதுக்காக வேலைக்கு வராம இருப்பாங்களா?" என்றேன்.

"இன்னா சார் இப்டி சொல்றீங்கோ? அம்மா கோச்சிக்கும் சார்!"

"கோவிச்சுக்கிட்டா நான் வந்து சமாதானம் பண்றேன்."

"கன்னத்துல போட்டுக்கோங்க சார்! ராத்திரிதான் வந்துக்கீது. தண்ணி ஊத்தாம எப்டி சார் வெளியே அனுப்பறது?"

வந்த அம்மா குளிக்காமல் இருந்தால் எனக்கென்ன என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், சிரிக்காதீர்கள். "தனியா விட முடியலைன்னா அம்மாவையும் இங்கயே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. ஃபேன் இருக்கு, ரிசப்ஷன்ல உட்காரட்டும். லதா வரலைன்னா வேலை நிரந்தரம் ஆகிறது கஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தப் பக்கம் அந்த அம்மாள் "மாரியாத்தா, தாயே" என்று முனகியது காதில் விழுந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் லதா வந்தாள். தலையோடு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கையில் வேப்பிலைக் கொத்தோடு, சுவரைப் பிடித்தபடி, அவள் சீட்டில் உட்கார்ந்திருந்த என் முன்னால் நின்றாள். "அம்மா எங்கே?" என்றேன். துப்பட்டாவை விலக்கினாள். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் முத்து முத்தாக அம்மை. நாற்காலி பின்னால் உருள நான் எழுந்த சத்தத்தில் மற்ற ஏழு ஹெட்போன்களும் திரும்பின. வைதேகி வாயைப் பொத்திக்கொண்டாள். சேதியை வாங்கியவள் அவள்தான். அம்மா வந்திருக்கு, தண்ணி ஊத்தற வரைக்கும் வர முடியாது என்று லதா போனில் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறாள். இவள் பழக்க தோஷத்தில் இங்கிலீஷாக்கிச் சுருக்கியிருக்கிறாள். "விரல் தட்டிடுத்து சார், அப்புறந்தான் மூளை கேட்டது" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் சேவியரைப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடச் சொன்னேன். அவர் உடம்பு அதைத் தாங்காது. ஆட்டோவைக் கூப்பிட்டேன். வேலை எங்கேயும் போகாது, நல்லபடியாகத் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வா என்று லதாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். ஜுரத்தில் கண் செருகியிருந்த அந்தப் பெண் ஆட்டோவில் ஏறும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லாமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "நீங்கதானே சார் அம்மாவை இங்கயே கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

என் முறை

எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை. வருமா வராதா என்று தெரிய இரண்டு வாரம், சமயத்தில் அதற்கு மேலும் ஆகும் என்றார் டாக்டர். அதுவரை கர்ப்பிணிப் பெண் பக்கமே போகாதே என்று விரலை ஆட்டிச் சொன்னார். இதைச் சுமதியிடம் சொன்னால் பயந்துவிடுவாள். எனவே ஆதம்பாக்கத்துக்குப் போன் போட்டு, ஆபீஸில் சீட்டு காலி, இந்த வாரம் வர முடியாது என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் "சரி" என்ற குரல் சின்னதாகிக்கொண்டே போனது. வேறு வழி தெரியவில்லை.

அவளுக்கு வலி எடுத்த அதே காலையில் நான் ஜுரத்தோடு எழுந்தேன். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் மார்பில் நாலைந்து கொப்புளம். அந்த நேரம் பார்த்துப் பேஜர் சிலிர்த்தது: சுமதிக்கு வலி எடுத்துவிட்டது, உடனே வரவும். சுமதிக்கு வலி, எனக்கு அம்மை என்று மானேஜருக்குப் போன் செய்தேன். அவர், "பிரசவ லீவுதான் சாங்ஷன் ஆயிடுச்சேய்யா, அப்புறம் எதுக்கு அம்மை அது இதுன்னு?" என்றார். எட்டு சீட்டும் அன்று நிரம்பி வழிந்ததாம். பிறகு மாமனார் வீட்டுக்கு அடித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஆட்டோ வாசலில் நிற்கிறது என்றார்கள். சுமதி வந்து ரிசீவரை வாங்கினாள். எனக்கு அம்மை, வந்தால் உனக்கும் குழந்தைக்கும் ஆபத்து, வர முடியாதும்மா என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். மூச்சைப் பிடித்து வலியை விழுங்கிக்கொண்டு அவள் கேட்டாள்: "நெஜத்தைச் சொல்லுங்க, இன்னிக்கு எவன் லீவு?"

அன்று நான் அழுதேன். மத்தியானம் மாமனாரிடமிருந்து பேஜரில் சேதி வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். வேப்பிலைப் படுக்கையில் தனியாகக் கிடந்து அந்த இரண்டு வரியை பேட்டரி தீரும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தண்ணீர் விட்டு, பக்குகள் எல்லாம் உதிர்ந்து, இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஆதம்பாக்கத்து வாசற்படியை மிதித்தேன். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் சுமதி எழுந்து வந்துவிட்டாள். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். நெற்றியில், மூக்கில், கன்னத்தில் இருந்த ஒவ்வொரு தழும்பையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. ஆனால் அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அப்பாடா! நெஜமாவே உங்களுக்கு அம்மைதான்!"

எங்கள் தொழிலில் பொய் சொன்னவனுக்கு ஒரு போன் போதும், நிஜமாகவே படுத்தவன்தான் முகத்தில் அத்தாட்சியோடு வர வேண்டும்.