வண்டி தள்ளும் ஆர்.என்.ஏ.

அசெம்பிளி லைனுக்குப் பாகம் தள்ளுகிறவன் நடக்கும்வரை யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். நின்றால் கம்பெனிக்கே தெரிவான். நைட் ஷிஃப்ட் சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பத்தொன்பது வருடமாக வண்டி தள்ளுகிறேன். ஸ்டோரில், ஏற்றும் பாகங்களைச் சரிபார்க்கிறவரின் நாற்காலி காலியானது. அதற்கு ப்ளஸ் டூ வேண்டும். எனக்கோ அந்தக் காலத்து உயிரியல் பாக்கி. நாற்பத்தேழு வயதில் மறுபடி புத்தகம்.

நான் யார்?

புரதம் உருவாகும் பாடம் மூன்று முறை படித்தும் ஏறவில்லை. நான்காம் முறை தூக்கிவாரிப்போட்டது. தூது ஆர்.என்.ஏ. என்பது லைனில் ஒட்டும் வேலைச் சீட்டு. அதை வரிசையாகப் படித்துக் கோக்கிற ரைபோசோம், எங்கள் ஃபிட்டர் பாபு. சீட்டில் மூன்று மூன்று எழுத்தாகக் குறி. அதற்குப் பொருந்துகிற குறியோடு, முதுகில் ஓர் அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு, அடுத்த லோடுக்கு ஓடுவது கடத்து ஆர்.என்.ஏ. ஐயா, அது நான்தான்! பாபுவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“உடம்புக்குள்ள பூந்தும் வண்டிதான் தள்றியா அண்ணாத்தே? இன்னா ராசி நைனா உனக்கு!”

மூன்றாவது எழுத்து

குறியில் முதல் இரண்டு எழுத்தும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். மூன்றாவது கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் பல சமயம் ஓடிவிடும். இயற்கைக்கு என்ன பெருந்தன்மை! காலையில் காட்டுப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பும்போது வாங்கி வரும்படி மனைவி சொன்னது கொத்தமல்லி, பச்சை மிளகாய், புதினா. புதினாவுக்குப் பதில் அரைக்கீரை வாங்கிப்போய், மேற்படி விதியை விளக்கினேன்.

“அப்படியா? இன்னிக்கு பிரியாணியை உங்க ரைபோசோம் வீட்லயே போய் சாப்பிட்டுக்குங்க.”

அட்டை சரி, போல்ட் தப்பு

பரீட்சைக்கு முந்தின வாரம். வாய் பாடத்தை முணுமுணுக்க, கை சரியான அட்டை மாட்டிய வண்டியில் குட்டை போல்ட்டை ஏற்றிவிட்டது. பாபு அட்டையைப் பார்த்தான், முறுக்கினான். அவ்வளவும் கழற்ற வேண்டியதாயிற்று. நாற்காலிக்கு ஆள் எடுக்கும் ரோஸ்லின் மேடம் கூப்பிட்டார். நான் புத்தகத்தையே ஒப்பித்தேன்: “ரைபோசோம் குறியை மட்டும்தான் பார்க்கும் மேடம், லோடைப் பார்க்காது. சரியான லோடை ஏற்ற வேண்டியது நொதியோட பொறுப்பு.”

“அந்த நொதி வேலைக்குத்தான் நீங்க பரீட்சை எழுதப் போறீங்க, ஞாபகம் இருக்கா?”

ஐந்து மதிப்பெண்

ஆவடியில் பரீட்சை. கடத்து ஆர்.என்.ஏ.வின் பணியை விளக்குக என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தார்கள். கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையைப் பற்றி இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார்! பதினோரு பக்கம் எழுதினேன். மற்ற கேள்விகளுக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. நாற்காலி பகல் ஷிஃப்ட்காரர் ஒருவருக்குப் போயிற்று. பாபு தலையில் அடித்துக்கொண்டான்.

“எங்க நிறுத்தணும்னு தெரியாதா அண்ணாத்தே? உன் புக்குல ஸ்டாப்புன்னு ஒரு குறியே இல்லியா?”

இருக்கிறது நண்பர்களே, ஆனால் அந்தக் குறிக்கு மட்டும் கடத்து ஆர்.என்.ஏ. கிடையாது, நிறுத்துகிற வேலையைச் சுமக்கிறவர்களிடம் யாரும் ஒப்படைப்பதில்லை.