இந்திராணி அக்காவுக்கு மாட்டிய கூடை

இந்திராணி அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு படமாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, நாங்கள் வேலை செய்யும் ஹோட்டலின் வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைப் போட்டிருந்தார். அக்காவின் முகம். கீழே யாரோ ஒரு பெண்ணின் உடம்பு, முதுகில் மூங்கில் கூடை, தலையைச் சுற்றிக் கயிறு. அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர், ஆனால் ஒருநாளும் கொழுந்து பறித்தவரல்ல. ஹட்டனில் டியூசனுக்குப் போய் ஆங்கிலம் படித்து, பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது வழிகாட்டியாகச் சேர்ந்தார். நானும் அவரோடு சேர்ந்தவள்தான். வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சேலை கட்டி, கூடை மாட்டி, அரைமணி நேரம் கொழுந்து பறிக்க வைப்பது எங்கள் பிழைப்பு. மலையில் இப்போது பெண்கள் கொழுந்து போடச் சாக்கைத்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள், கூடை போட்டோவுக்கு மட்டும். விருந்தாளிகள் பிய்த்த இலையை அன்றே குப்பையில் கொட்டுவோம். எனக்கு அது கேவலமாக இருக்கும். ஆனாலும் சிரித்துக்கொண்டே கொட்டுவேன்.

அக்கா அப்படியல்ல. கொழுந்து பறிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ப்ளக்' என்பார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று விருந்தாளிகளையே மடக்குவார். ஒருவருக்கும் தெரியாது. முடி என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதியில் போட்டிருக்கிறது என்பார். முடியையும் கோழி இறகையும் பிடுங்குவதற்கான சொல், பிறகு பூவுக்கும் கொழுந்துக்கும் வந்து சேர்ந்ததாம். வெட்டிய ஆட்டின் உள்ளிருந்து பிடுங்கி எடுக்கிற ஈரலுக்கும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அதே பெயர், அதிலிருந்துதான் துணிச்சல் என்ற பொருளும் வந்தது என்பார். திரும்பி வரும்போது என்னிடம், "பாருங்களேன், அவங்களுக்கு ஈரக்கொலையில தைரியம் இருக்கு. நமக்கு ஈரக்கொல நடுங்கத்தான் தெரியும்" என்று சிரிப்பார்.

ஒருநாள் அந்தப் பாடத்தை முடியோடு நிறுத்தாமல் தன் அம்மாவின் தலை வரைக்கும் கொண்டுபோனார். காலமெல்லாம் கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் அந்தம்மாவுக்கு ஒரு முடி கிடையாது, வெறும் தோல்தான். அதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு பெண் கூடையைக் கழற்றி வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். அன்று யாரும் போட்டோ எடுக்கவில்லை.

மேனேஜருக்கு ஆத்திரம். விருந்தாளிகள் காசு கொடுப்பது மனம் நோக அல்ல என்றார். சமாதானமாகப் போகலாம், விளம்பரத்துக்கு நீங்களே கூடையை மாட்டி நில்லுங்கள் என்று தேன் தடவிப் பேசினார்.

"எங்கம்மா தலையோட அது முடிஞ்சிருச்சுங்க சார். நான் மாட்ட மாட்டேன்" என்றார் அக்கா.

மறுவாரமே தேயிலைப் பாக்கெட் விற்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயே உட்கார்ந்திருந்து, போன திங்கட்கிழமை நெஞ்சுவலியில் போனார். உயிரோடு இருந்தவரை மாட்ட முடியாததைச் செத்த மறுநாளே மாட்டிவிட்டார்கள். இதைவிட அசிங்கம் ஒன்றை நான் பார்த்ததில்லை.

சாவு வீட்டுக்குப் போனால் அதே பேனர் லயத்து வாசலில் ஆள் உயரத்துக்கு நின்றது. மேனேஜர் கைகட்டி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு அதைக் கடந்து உள்ளே போனார்கள். ஹோட்டல்காரர்தான் சவப்பெட்டிக்குக் காசு கொடுத்தாராம்.

அக்காவின் அம்மாவை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பேனருக்கு முன்னால் நின்றுவிட்டார். கிட்டப்போய்ப் படத்தின் நெற்றியை, கயிறு இருந்த இடத்தை, விரலால் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

"எம்புள்ள தலையிலேருந்து இத எறக்குங்க" என்றார்.

நானும் அக்காவின் தம்பியும் எறக்கினோம். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நானும் பார்த்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய ஆங்கிலமோ அகராதிப் படிப்போ அல்ல, இந்தக் குமட்டல்தான். இத்தனை நாள் சிரித்துச் சிரித்து அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். இனி விழுங்கமாட்டேன்.