குழாய்க்குள் குடிவந்த மீசைக்காரன்

டெங்கில் வட்டாரத்தில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் கமலநாதனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒழுகிக்கொண்டேயிருக்கிறது. அதற்காக மனைவி மாதவி இப்போதெல்லாம் சண்டை போடுவதில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. வாய்க்காரி. முழுகாமல் ஆனதிலிருந்து சண்டை போடக்கூடத் தெம்பில்லை. தின்றதெல்லாம் வெளியே வந்தது. எடை ஏறாவிட்டால் வார்டில் படுக்கவைத்துவிடுவோம் என்று கிளினிக் தாதி சொல்லியிருந்தார்.

"வாய்க்கு என்னதான் வேணும், சொல்லு."

"கெலி மீன். நல்லா புளிப்பா, குழம்பு."

கெலி என்றால் மீசை வைத்த, செதிலில்லாத, வழுக்குகிற கெளுத்தி. பாசார் மீன்கடைகளில் தொட்டி தொட்டியாகக் கிடக்கும். வாங்கி வந்தான். மாதவி மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பண்ணையில கோழிக்குடல் தின்னு வளந்ததுங்க இது. ஆத்து மீன் கொண்டாங்க."

ஆற்றுக் கெலி மட்டும் என்ன யோக்கியம்? இருட்டியதும் மீசையால் சேற்றைத் தடவித் தடவி, புழு, நத்தை, பொடி இறால், தண்ணீரில் விழுந்த செம்பனைப் பழம் என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும். இதைச் சொல்ல வாயெடுத்தான். உயிர்மேல் ஆசையிருந்ததால் மூடிக்கொண்டு தூண்டிலை எடுத்தான்.

அவன் அம்மா வீரம்மா வாசலை மறித்தாள்.

"டேய், பொண்டாட்டி முழுகாம இருக்கறப்ப தூண்டில் போடுவியா? முள்ளு மீன் வாயைக் கிழிச்சா புள்ளைக்கு ஒதடு கிழியும்டா!"

"அதெல்லாம் சும்மாலா, மா."

"சும்மான்னா போட்டுப் பாரேன்."

இப்படிச் சொன்னால் எவன் போடுவான்? அவனுக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. தூண்டில் மட்டும் ஆணிக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஆனால் கெலி பகலில் பொந்துக்குள் பதுங்கும். கமலநாதனிடம் பொந்துக்கா பஞ்சம்? வேனில் கிடந்த பைப் துண்டுகளை ஒரு பக்கம் மூடி, லங்காட் ஆற்றில் போய்ச் சேரும் எஸ்டேட் வாய்க்காலின் கரையோரம் அமிழ்த்தி வைத்தான். முதல் நாள் ஒரு நண்டு சிக்கியது. மறுநாள் அதே நண்டாகத்தான் இருக்க வேண்டும், வேறு பைப்பில் இருந்தது.

பிறகு நல்ல மழை. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்குள் ஏறி வந்தது. அடுத்த காலையில் ஒரு பைப் கனத்தது. கையால் வாயை அடைத்துத் தூக்கினான். உள்ளே இருப்பது துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தான். பைப் சுவரெல்லாம் சவ்வரிசிபோல முட்டைகள் ஒட்டியிருந்தன. அவற்றின்மேல் ஒரு கெலி வாலை மெல்ல விசிறிக்கொண்டிருந்தது. விரலை விட்டான். கன்னத்து முள்ளால் ஒரு குத்து!

"அடப்பாவி!"

உதறிய கையாலேயே பைப்பைப் பதமாக இருந்த இடத்தில் இறக்கிவிட்டு வந்தான்.

வீங்கிய கட்டைவிரலை மாதவி பார்த்தாள்.

"மீன் எங்க?"

"வீட்ல இருக்கு. அது வீட்ல. முட்டைக்குக் காவல்."

"தாயை விட்டுட்டு வந்தீங்களா? சரி, போகட்டும்."

"தாய் எங்க? அது போட்டுட்டுப் போயிருச்சு. உக்காந்திருக்கறது ஆம்பளை. குஞ்சு நீந்தற வரைக்கும் எரை தேடக்கூட நகராதுலா."

மாதவி வெகுநாளைக்குப்பின் சிரித்தாள். "நீங்க அப்படி உக்காருவீங்களா?"

"நான் பைப்புக்குள்ள நுழையமாட்டேனே."

"தொப்பையைக் கொறைங்க. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் பாக்கணும்."

மறுநாள் காலையில் வாய்க்கால் தெளிந்திருந்தது. வேன் பாயை மடித்துப் போட்டு அவளைக் கரையில் உட்காரவைத்தான். பைப் வாயில் மீசை மட்டும் தெரிந்தது. ஒரு பொடி மீன் பக்கத்தில் வந்தது. மீசை முன்னே பாய்ந்து விரட்டிவிட்டு உள்ளே திரும்பியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! என்னா ரோஷம்!"

கமலநாதன் தனக்கு வாங்கிய தேங்காய்ப்பால் சோற்றை, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தான். மாதவி கண்ணை எடுக்காமலே கையை நீட்டி ஒரு வாய் எடுத்தாள். இன்னொரு வாய். மிளகாய்ச் சம்பாலைத் தொட்டுக்கொண்டாள். "சாப்பிடறியே" என்று சொன்னால் கண் பட்டுவிடும். செம்பனை மரங்களை எண்ணுகிறவன்போல முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, பொட்டலத்தை மட்டும் அங்குலம் அங்குலமாக அவள் பக்கம் தள்ளினான்.

"நெத்திலி அவ்ளோதானா?" என்றாள்.

திரும்பும்போது ஒவ்வொரு குழியிலும் வேனை ஆமைபோல இறக்கி ஏற்றினான். பின்னால் ஹார்ன் அடித்த லோரிக்காரன் வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டு முந்திப் போனான். மாதவி சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.