பதுளைக்குப் போன பானை

அன்று பதுளைத் தேருக்குப் போனவர்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, எட்டு வயது நான், அம்மா இடுப்பில் தம்பி. இன்று என் மருமகள் அதே தேருக்கு மூட்டை கட்டுகிறாள். உள்ளே பித்தளைப் பானை கரண்டியோடு இடிபடும் சத்தம் கேட்டதும் எழுந்து அவளருகே போனேன்.

எங்கள் நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில், வெளியூர் போகிற குடும்பம் சோற்றுப் பானையைத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் விட்டுவிட்டுத்தான் போகும். பானையும் போனால், வேலை வாங்கும் கங்காணியிடம் பட்ட கடனைக் கட்டாமல் ஓடிவிட்டார்கள் என்று அர்த்தம். அம்மாவுக்கும் அது தெரியும். கோயிலில் பொங்கல் வேண்டுமென்று அழுது நான்தான் அதை எடுக்க வைத்தேன்.

இரண்டு நாளும் ஓயாமல் சுற்றினோம்: ஆற்றுக் குளியல், தேர், ராட்டினம், வளையல் கடை. அப்பா அப்படிச் சிரித்து அப்புறம் நான் பார்க்கவில்லை.

ஞாயிறு பொழுது சாயத் திரும்பினோம். லயத்து வாசலில் கங்காணி நின்றார்.

"வாங்க மகாராசா! குடும்பத்தோட ஓடிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"சொல்லிட்டுத்தானுங்களே போனோம். பொங்க வைக்கத்தான் பானைய எடுத்தோம்."

"அது எனக்கெப்படிடா தெரியும்? தெமோதரைக்கும் பண்டாரவளைக்கும் தேட ஆள் விட்டேன். பன்னெண்டு ரூபா செலவு. ஒன் கணக்குல ஏத்தியாச்சு."

அப்பாவின் பழைய கடன் நாற்பது ரூபாய். அதோடு இதுவும் சேர்ந்தது. அவர் செத்ததும் எல்லாம் என் பேருக்கு வந்தது.

"பானைய வச்சிட்டுப் போம்மா" என்றேன் மருமகளிடம்.

"இப்ப யாரு மாமா அதையெல்லாம் பாக்குறாங்க?" என்று சிரித்தாள்.

நானே மூட்டையை அவிழ்த்துப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தேன். என் பேரில் இன்னும் முப்பத்தொரு ரூபாய் பாக்கி நிற்கிறது.