அப்பனுக்கும் பன்னிரண்டு கூட்டு

என் மகன் எண்ணூரில் ஒரு கம்பெனியில் தொட்டி கழுவ இறங்கினான். விஷக்காற்று அடித்துச் செத்துப்போனான். காண்டிராக்டர் வீட்டுக்கு வந்து, "உன் மருமவ பத்தாவது பாஸ் பண்ணட்டும்மா, ஆபீஸ்ல வேலை போட்டுத் தர்றேன்" என்றார். அவள் பள்ளிக்கூட நாளில் கணக்கில் மட்டும் தவறியவள். தனியாகப் பரீட்சை எழுதப் பணம் கட்டினோம். நான், அவள், என் பேத்தி, மூன்று பேருக்கும் இனி அந்த வேலைதான் சோறு.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண் தெரியும். மீன் ஏலத்தில் நின்றவள், எண்ணில் என்னை யாரும் ஏமாற்றியது கிடையாது. அதனால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையோடு அவள் விடையை ஒத்துப் பார்ப்பது என் வேலை.

பேத்தி பள்ளிக்கூடம் போனதும் உட்காருவோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து நோட்டில் படியும் என்று ஜன்னலைச் சாத்திவிடுவோம். வேர்த்துக் கொட்டும். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "இன்னாக்கா, உன் மருமவ கலெக்டர் ஆவப்போறாளா?" என்பாள்.

"கலெக்டர் ஆனா உன் வூட்டாண்டதான் காரை நிறுத்துவா. வழிய வுட்டு நில்லு" என்பேன்.

விடை மட்டும் எழுதினால் பத்தாதாம். ஒவ்வொரு வரிக்கும் மார்க்காம். அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். "தெரியாதத எக்ஸுன்னு வச்சிக்கணும் அத்தே. இந்தாண்ட கீற ப்ளஸ்ஸு அந்தாண்ட போனா மைனஸு."

"அம்மா வூட்ல ப்ளஸ்ஸு, மாமியா வூட்ல மைனஸா? நா உன்ன இன்னாடி கொறச்சேன்?"

அவன் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

முக்கோணம், வட்டம் எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. வயதுக் கணக்கு மட்டும் வரவில்லை. அப்பா வயது மகள் வயதைப்போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு வருடம் போனால் இரண்டு மடங்கு. இப்போது வயது என்ன? மகளுக்கு இருபத்துநாலு, அப்பாவுக்கு எழுபத்திரண்டு என்று எழுதினாள். புத்தகத்தில் பன்னிரண்டு, முப்பத்தாறு. திரும்பப் போட்டாள். அதே விடை. வரிவரியாகச் சொல்லச் சொன்னேன்.

"மக எக்ஸு. அப்பா மூணு எக்ஸு. பன்னண்டு வருசம் போனா மக எக்ஸு ப்ளஸ் பன்னண்டு."

"அப்பன்?"

"அதே மூணு எக்ஸு."

"அப்பனுக்குக் கூட்டலியா?"

பேனாவைக் கீழே வைத்தாள். "அவருக்கு ஏது அத்தே இனிமே வயசு?"

என் மகனுக்கு இனி வயது ஏறாது என்பதை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. நான் அழுதால் அவள் புத்தகத்தை மூடிவிடுவாள்.

"இது புஸ்தகத்து அப்பன்டி. உசுரோட கீறான். கூட்டு."

மூணு எக்ஸு ப்ளஸ் பன்னண்டு என்று எழுதினாள். அந்தப் பக்கம் ரெண்டு எக்ஸு ப்ளஸ் இருபத்துநாலு. ரெண்டு எக்ஸை இந்தப் பக்கம் கொண்டுவந்து கழித்தாள். பன்னிரண்டை அந்தப் பக்கம் தள்ளினாள். எக்ஸு பன்னண்டு. புத்தகத்தோடு ஒத்துப்போனது.

பாஸ் ஆனாள். காண்டிராக்டர் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆபீஸில் இப்போது இடமில்லை, தொட்டிகள் இருக்கும் யார்டில் பெருக்குகிற வேலைதான் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவள் போகிறேன் என்றாள்.

முதல் நாள் சாயங்காலம் வந்தவள் சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தொட்டியாண்டதான் அத்தே குடிக்கிற தண்ணிக் கொழா."

மறுநாளிலிருந்து வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறேன்.