ஈச்சம்பாறையில் மெதுவாகப் பேசிய நாள்

ஈச்சம்பாறை ஆட்கள் பேசுவதை முதன்முதலாகக் கேட்பவர்கள், ஏதோ வெட்டுக்குத்து நடக்கப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். நடப்பது சாமை அறுப்பைப் பற்றிய பேச்சாக இருக்கும். கல்வராயன் மலையின் அடர்ந்த காட்டுக்குள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் முப்பத்திரண்டு வீடுகள். ஆறு பாறைக்குப் பாறை விழுந்து இறங்குகிற இடம் அது. கோடையில்கூட அந்த இரைச்சல் ஓய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம் உப்பு கேட்பதானாலும் அடிவயிற்றிலிருந்துதான் கேட்கவேண்டும். கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாலும் அந்தக் குரல் கூடவே ஏறிக்கொள்ளும். சும்மா பேசிக்கொண்டு போனவர்களை விலக்கிவிடக் கண்டக்டர் இரண்டு தடவை ஓடி வந்திருக்கிறார்.

அந்த ஊரிலேயே பெரிய குரல் பச்சையம்மாளுடையது. ஆறே இல்லாத மேட்டு ஊரிலிருந்து அவள் வாழ்க்கைப்பட்டு வந்தபோது குரல் நூல் மாதிரி இருந்ததாம். முதல் வருஷம் அவள் சொன்னது ஒன்றும் காதில் விழாமல் நிம்மதியாக இருந்ததாக அவள் புருஷன் குப்பன் இன்றைக்கும் சொல்வார். அவள் இல்லாதபோதுதான் சொல்வார்.

ஆற்றுக்குப் பாலம் கிடையாது. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறிவிட்டால் வாத்தியார், ரேஷன் வண்டி, நர்சம்மா எல்லோரும் அக்கரையில் நின்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பவேண்டியதுதான். போனில் சிக்னல் வேண்டுமானால் அட்டைப்பூச்சிக்குக் காலைக் கொடுத்துக்கொண்டு அரை மணி நேரம் மேலே ஏறவேண்டும். அதனால் கரை விட்டுக் கரை போகிற செய்தி எல்லாம் பச்சையம்மாள் வழியாகத்தான். பாறைமேல் ஏறி நின்று, கையை வாயருகே குவித்துக் கத்துவாள். யாருக்கு வயிற்றுப்போக்கு மாத்திரை வேண்டும், யார் வீட்டுக் கார்டில் பெயர் விட்டுப்போயிற்று என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ரகசியம் என்ற ஒன்றை அந்த ஊர் என்றைக்கோ கைவிட்டுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்வீட்டுக் கலையரசிக்குப் பிரசவ வலி எடுத்து, தண்ணீர் மார்பளவு ஓடியபோது, பச்சையம்மாள் கத்திய கத்தலில்தான் அக்கரையில் மாடு மேய்த்தவன் ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். கலையரசியைத் துணித்தூளியில் கட்டி, எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தக் குரலுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

ஆனால் அவளுடைய மகன் முருகவேலுக்கு இருபத்தொன்பது முடிந்தும் கல்யாணம் ஆகவில்லை. நல்ல பையன், மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டுகிறான். சொந்தமாகப் பைக் வைத்திருக்கிறான். பைக் வருஷம் முழுக்க அக்கரையில் ஒரு பலா மரத்தடியில்தான் குடியிருக்கிறது. பெண் கொடுக்க வந்த நான்கு குடும்பங்கள் ஆற்றைப் பார்த்தன, பலா மரத்தைப் பார்த்தன, கலந்துக்கினு சொல்றோம் என்றன. அதோடு சரி. நான்காவது குடும்பம் கூடுதலாக ஒரு வார்த்தையும் விட்டுப் போயிற்று. மாமியார்க்காரி சண்டைக்காரி போலிருக்கே என்று.

அது முருகவேலின் காதுக்கு வந்துவிட்டது. ஐந்தாவதாகக் கச்சிராயபாளையம் பக்கமிருந்து நாராயணசாமி குடும்பம் வீடு பார்க்க வருவதாகச் சொன்னபோது, அவன் தாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"யம்மா, ஆத்த நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. நீ ஒரு நாளைக்கி மட்டும் மெதுவா பேசும்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. ஊர் உயிரைக் காப்பாற்றிய குரல் சொந்த மகன் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்கிறதா என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பழக ஆரம்பித்துவிட்டாள்.

பழகுவது அவ்வளவு லேசில்லை. ஈச்சம்பாறையில் குரலைத் தாழ்த்துவது இழவு சொல்லும்போது மட்டும்தான். பச்சையம்மாள் கலையரசி வீட்டு வாசலில் நின்று மெல்லிய குரலில் மோர் கேட்டதும், கலையரசி இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டு, யாரு போய்ட்டாங்க என்று அழத் தொடங்கிவிட்டாள். அவள் அழுததைக் கேட்டு நாலு வீடு கூடிற்று. குப்பன் வெளியே வந்து, தான் உயிரோடுதான் இருப்பதாக எல்லோருக்கும் காட்டவேண்டியதாயிற்று. கடைசியில் விஷயத்தைச் சொல்லி, விருந்தாளிகள் வரும் நாளன்று ஊரே வாயைக் கட்டிக்கொள்வதாக ஏற்பாடாயிற்று.

மாசி மாதம், ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். நாராயணசாமியும் அவர் மனைவியும் வந்தார்கள், அவர்களோடு பெண்ணும் வந்தாள். வீடு பார்க்க வருகிறவர்கள் பெண்ணைக் கூட்டி வருவது வழக்கமில்லை. வாழப்போகிறவள் நான்தானே என்று அடம்பிடித்து வந்தாளாம். பெயர் தனுஷா. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் ஆற்றைக் கடந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பேச்சு என்று சொல்வதற்கில்லை. பச்சையம்மாள் வாயசைத்தாள், நாராயணசாமி தலையாட்டினார். நாராயணசாமி வாயசைத்தார், குப்பன் தலையாட்டினார். இடையே ஆறு மட்டும் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. தனுஷா இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் அவள் அம்மா தொடையில் கிள்ளினாள். பச்சையம்மாள் அதைக் கவனித்தாள். பெண்ணுக்கு இஷ்டமில்லை, அதைத்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டு எழுந்த நாராயணசாமி சொன்னது காதில் விழாவிட்டாலும் உதட்டசைவிலேயே புரிந்தது. கலந்துக்கினு சொல்றோம்.

ஐந்தாவது தடவையும் அதே சொல். முருகவேல் அவர்களை முன்னே நடத்தி அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டான். பச்சையம்மாள் ஆற்றோரம்வரை போய், பாறைமேல் ஏறாமல் கீழேயே நின்றாள். இனி என்ன கத்தி என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

அக்கரை ஏறியதும் தனுஷா திரும்பி நின்றாள். செருப்பைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"அத்தே, காது கேக்குதா?"

ஆற்றின் இரைச்சலைத் தாண்டி ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. குப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தேவிட்டார். பச்சையம்மாளுக்கு ஏற்பாடெல்லாம் மறந்துபோயிற்று.

"கேக்குது கண்ணு, சொல்லு!"

மலையே கேட்டிருக்கும். அக்கரையில் அந்தப் பெண் சிரித்தாள். காலையிலிருந்து எதற்கு அப்படிக் குசுகுசுவென்று பேசினீர்கள், எதையோ மறைக்கிறீர்கள் என்று பயந்தே போனேன் என்று கத்தினாள். அவள் அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவர் பாவம், அவருக்கும் ஒரு கதை இருந்தது. பெண் நாலு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மிஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி அந்தக் கத்தலே அவள் குரலாக நிலைத்துவிட்டது. வாயாடி என்று சொல்லி மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இங்கேயாவது மெதுவாகப் பேசு என்று மன்றாடித்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார்கள்.

"அத்தே, மழ பேஞ்சா எத்தினி மாசம் ஆத்தக் கடக்க முடியாது?"

"மூணு மாசம். சில வருஷம் ஜாஸ்தி." அவள் பொய் சொல்லவில்லை.

தனுஷா ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முருகவேல் பலா மரத்தடியில் பைக்கைப் பிடித்தபடி நின்றான்.

"இந்த ஊருல என்னைய யாரும் மெதுவா பேசுன்னு சொல்ல மாட்டாங்கல்ல? அப்போ எனக்குச் சம்மதம். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

பச்சையம்மாள் வாயைத் திறந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்ததே தவிர வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"இன்னா அத்தே, பேச்சே காணோம்?"

காலையிலிருந்து கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த முப்பத்திரண்டு வீடும் வெளியே வந்து, அவளுக்காகச் சரி என்று கத்தியது.